ஆசிட் வராத ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் மூன்று பேரும் என் அறைக்கு வந்துவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் கடையின் மாடியில் இருந்த ஒற்றை அறை அது. ஞாயிறன்று கடை மூடியிருக்கும் என்பதால் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழும்.

முதலில் வருகிறவன் ஆரணிக்காரன். எங்கள் கம்பெனியிலேயே லேபில் கெமிஸ்ட். வீட்டில் நெல் விவசாயம். குடும்பத்தில் இவன் ஒருவன்தான் ஃபேக்டரிப் பக்கம் வந்தவன். அடுத்து பாய். பழவேற்காட்டில் அவர் குடும்பத்துக்கு மீன் வியாபாரம். எங்கள் கேன்டீனுக்கு மீன் போட வந்தவர், ஒருநாள் என் மேசைமேல் கிடந்த படத்தைப் பார்த்து, "இன்னா சார் இது, பூதமா?" என்று கேட்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து போகவே இல்லை. எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கடைசியாக வருவது என் கல்லூரித் தோழி. காக்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் டிராயிங் போடுகிற வேலை, வீடு திருநின்றவூர். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி வரவேண்டும். இரண்டு மணி நேரம் ஆகும் என்று அலுத்துக்கொள்வாளே தவிர, ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை.

நாங்கள் ஆடியது ஒரு கதை விளையாட்டு. அமெரிக்காவில் இருந்த என் சித்தப்பா மகன் லீவில் வந்தபோது விட்டுப்போன தடிமனான விதிப் புத்தகத்தைத் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருந்தோம். ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாட வேண்டும். "எதிரே ஒரு குகை இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துகிறவர் கேட்பார். அவர்கள் சொல்வது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அதற்கு இருபது பக்கப் பகடை வேண்டும். அது எங்கே கிடைக்கும்? எண் போட்ட தம்போலா காயின்களில் ஒன்றிலிருந்து இருபதுவரை பொறுக்கி ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்கினோம். நடத்துகிறவன் நான். என் முறை வரும்போது மட்டும் பையை ஒரு அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். எனக்கு விழுகிற எண்ணை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்பது வழக்கம்.

அந்தப் புத்தகத்தில் எங்களை முதலில் திண்டாட வைத்தது அடி வகைகள். அடி என்றால் வெறும் அடி இல்லை. வெட்டு, குத்து, மொத்து என்று ஆயுத அடியே மூன்று வகை. அதற்கு மேல் நெருப்பு, குளிர், மின்சாரம், ஒலி, ஆசிட் என்று ஐந்து. ஒவ்வொரு ஜந்துவுக்கும் ஒரு வகை உறைக்கும், இன்னொன்று உறைக்காது. முதல் மாதத்திலேயே பாயின் வாள்வீரன் எலும்புக்கூடுகளிடம் மாட்டிக்கொண்டான். பன்னிரண்டு புள்ளி அடித்தார். பாதிகூட இறங்கவில்லை என்று சொன்னேன்.

"இன்னா பா இது? எலும்புல கத்தி போவாதா? ஆட்டுக்கால இன்னாத்த வெச்சி வெட்றோம்?"

"எலும்புக்கூட்டுக்கு மொத்தணும் பாய். கத்தி சதைக்குத்தான்."

"கறிக்கடைக்கு வா, காட்றேன்."

அன்று முழுக்க அந்தச் சண்டைதான். அடுத்த வாரம் அவர் வீரன் இடுப்பில் ஒரு உலக்கையோடு வந்தான்.

எதிர்ப்புச் சக்தி இன்னும் நுணுக்கமானது. 'நெருப்பு எதிர்ப்பு பத்து' என்று ஒருவனுக்கு எழுதியிருந்தால், நெருப்பு அவன்மேல் படும் ஒவ்வொரு தடவையும் முதல் பத்துப் புள்ளி கழியும். எட்டுப் புள்ளி அடி மூன்று முறை பட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. முப்பது புள்ளி ஒரே அடியாகப் பட்டால் இருபது இறங்கும். தோழிதான் இதை முதலில் பிடித்துக்கொண்டாள். மந்திரக்காரியாக ஆடிய அவள், சின்னச் சின்னத் தீயம்புகளை வீணாக்காமல் பெரியதாக ஒன்றைச் சேர்த்துவைத்து விடுவாள்.

ஆரணிக்காரன் பூசாரி பாத்திரம் எடுத்திருந்தான். குணப்படுத்துவதும், தன் மேலும் பிறர் மேலும் மந்திரக் காப்பு போடுவதும் அவன் வேலை. காப்பு போடும்போதே எந்த வகைக்கு என்று சொல்லிவிட வேண்டும். ஐந்தில் ஒன்றுதான். நெருப்புக்குப் போட்டால் குளிர் உள்ளே வரும். முன்கூட்டி யூகித்து, முன்கூட்டி எழுத வேண்டும். அவன் அதில் கெட்டிக்காரன். நான் விவரிக்கிற சுவரின் ஈரத்தை வைத்தே உள்ளே என்ன இருக்கும் என்று கண்டுபிடித்துவிடுவான். புத்தகத்தோடு அவனுக்கு ஒரே ஒரு சண்டைதான். "ஆசிட்னு மொட்டையா போட்டுக்கிறான் பாரு. எந்த ஆசிட்? எவ்ளோ பர்சென்ட்? எல்லாம் ஒண்ணா இவனுக்கு?" என்பான். நாங்கள் சிரிப்போம்.

எங்கள் கம்பெனியில் இரும்புக்குத் துத்தநாகம் பூசுவார்கள். பூசுவதற்கு முன் இரும்பை ஆசிட் தொட்டியில் போட்டுத் துருவைக் கழுவ வேண்டும். அந்த ஆசிட் குழாய்களும் பம்புகளும் என் பொறுப்பு, நான் மெயின்டனன்ஸ். வாரம் ஒருமுறை பதினான்கு வரி உள்ள ஒரு தாளில் ஒவ்வொன்றையும் பார்த்து டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். முதல் ஆறு மாதம் நான் தொட்டித் தொட்டியாகப் போய்ப் பார்த்தேன். பிறகு, அங்கே புகை கண்ணை எரிக்கும், தொண்டை கமறும், எப்போது பார்த்தாலும் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்பதால், கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே டிக் போட ஆரம்பித்தேன். பதினான்கு டிக் போட ஒரு நிமிஷம் ஆகாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் பம்பைப் போட்டதும் இரண்டாம் தொட்டியின் குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டது. அந்த இணைப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டும். கசிந்தாலும் வெளியே அடிக்காமல் கீழே வடிந்துவிடுவதற்காக. மூடியை யாரோ கழற்றி எத்தனையோ நாளாகியிருந்தது. ஆசிட் நேராகப் பக்கத்தில் நின்ற கான்ட்ராக்ட் ஆள்மேல் அடித்தது. நாற்பது வயதுக்காரர், ஆரம்பாக்கம் பக்கத்துக் கிராமம். வலக் கை, கழுத்து, வலக் கண்.

ஆரணிக்காரனின் லேப் அதற்கு எதிரிலேயே. சத்தம் கேட்டு ஓடிப்போய் அவரைத் தூக்கி எமர்ஜென்சி ஷவருக்குக் கீழே நிறுத்திக் கைப்பிடியை இழுத்திருக்கிறான். தண்ணீர் வரவில்லை. வால்வு துருவேறி இறுகிப்போயிருந்தது. லேபிலிருந்து பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுவந்து ஊற்றினான். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தலையைத் தன் தொடைமேல் சாய்த்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்து, இவன் குவளையால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். இவன் விரல்களும் வெந்து வெளுத்திருந்தன. என்னைப் பார்த்து, "ஷவர் வேல செய்லடா" என்று மட்டும் சொன்னான். குழாய் மூடி ஆறாவது வரி. ஷவர் பதினோராவது வரி. முந்தின சனிக்கிழமை இரண்டுக்கும் நான் டிக் போட்டிருந்தேன்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை.

"நாளைக்கு என்ன கூப்புடுவாங்க. கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன். ஒங்கிட்ட சொல்லிட்டுச் சொல்லலாம்னு வந்தேன்."

"சொல்லிக்கோ. நான் வேணாம்னா சொன்னேன்?"

"ஓம் பேர நான் சொல்ல மாட்டேன்டா. மூடி இருந்திச்சா, தண்ணி வந்திச்சான்னு கேட்டா, இல்லன்னுதான சொல்லணும்?"

"அதான் சொல்லிக்கோன்றேனே."

நான் கட்டிலில் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது.

சொன்னபடியே செய்தான். என் பெயர் அவன் வாயில் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. தாளில் என் கையெழுத்து இருந்தது. மெமோ கொடுத்து என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கிற இடம். வேலை போகாததே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கோ அவன்மேல்தான் ஆத்திரம். 'நான் கவனிக்கலை சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? பதற்றத்தில் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னால் யார் நம்பாமல் போவார்கள்? ராத்திரியும் பகலும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடிபட்ட மனிதரை நினைத்த நேரம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவரைப் பார்க்கவும் நான் போகவில்லை.

மூன்று ஞாயிறு ஆட்டம் நடக்கவில்லை. நாலாவது ஞாயிறு பாய்தான் எல்லாருக்கும் போன் போட்டுக் கூட்டினார். "பேஜாரு புடிச்ச மாதிரி மூஞ்ச வெச்சிக்கினு எத்தினி நாளுக்கு இருப்பீங்க? வாங்க" என்றார். ஆரணிக்காரன் வரமாட்டான் என்று நினைத்தேன். முதலில் வந்தவன் அவன்தான். வழக்கமான மூலையில் உட்கார்ந்து தன் பூசாரியின் தாளை விரித்தான். விரல்களில் புதுத்தோல் ரோஸ் நிறத்தில் மினுங்கியது. விபத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று நான் தயாரித்துவைத்திருந்தது ஒரு தீ நாகத்தின் குகை. வாசலிலேயே கருகிய மரங்கள், உள்ளே புகை, சுடுகிற பாறை என்று ஒளிக்காமல் விவரித்தேன். உள்ளே நுழையும் முன் பூசாரி காப்பு போட வேண்டும்.

"எந்த வகை?" என்று கேட்டேன்.

அவன் பென்சிலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். "ஆசிட்."

தோழி சிரித்துவிட்டாள். "டேய், நெருப்புடா. இவ்வளவு தெளிவா சொல்றானே, புகை வருதுன்னு."

"ஆசிட்டே இருக்கட்டும்."

நெருப்பு வந்தது. அவன் பூசாரி பாதி செத்துத் தப்பினான். அடுத்த வாரமும் அப்படியே, ஆசிட். அதற்கடுத்த வாரமும். அவன் என்னைக் குத்திக்காட்டுகிறான் என்று முடிவு செய்தேன். எல்லார் முன்னாலும், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், வாராவாரம் அதை என் முகத்துக்கு நேரே எழுதிக் காட்டுகிறான் என்று எனக்குத் தோன்றியது. அவன் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் என் காதுமடல் சுடும். மற்ற இருவரும் என்னைப் பார்க்கிறார்களா என்று பார்ப்பேன்.

ஸ்டோர்ஸில் வேலை குறைவு. சாமான் கேட்டு எழுதுகிற பழைய இன்டென்ட் தாள்களின் பின்பக்கத்தில் அடுத்த ஆட்டத்தைத் தயாரிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் பிடித்தது. வரிசையாக நாலு அறை. முதல் அறையில் குளிர், இரண்டாவதில் மின்சாரம், மூன்றாவதில் ஒலி. நெருப்பை முன்பே காட்டியாகிவிட்டது. ஆசிட்டை மட்டும் எங்கேயும் வைக்கவில்லை. நாலாவது அறைக்காகப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். சில மந்திரங்களின் அடி எந்த வகையிலும் சேராது என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. தெய்வ சக்தியால் வருகிற அடி. பார்க்க நெருப்பு மாதிரி இருந்தாலும் நெருப்புக் காப்பு அதைத் தடுக்காது. எதிர்ப்பே கிடையாது. அந்த வரியைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஸ்டோர்ஸ் மேசையில் உட்கார்ந்து, ஒரு மனிதனைக் கொல்லுகிற அறைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

அந்த ஞாயிறு வெயில் கடுமை. பதினோரு மணிக்குக் கரண்ட் போய், ஃபேன் நின்றது. பாய் வாங்கிவந்த நாஷ்டாவை முடித்துவிட்டு ஆடத் தொடங்கினோம். பொறிகள் எல்லாம் பூசாரிமேலேயே விழுகிற மாதிரி அமைத்திருந்தேன். கதவைத் தொடுகிறவர், விளக்கை ஏந்துகிறவர், சாமி சிலைக்கு முன்னால் நிற்கிறவர் எல்லாம் அவன் பாத்திரம்தானே.

முதல் அறையில் பனிமூட்டம். இருபத்திரண்டு புள்ளி. அவன் காப்பு ஆசிட்டுக்கு, ஒன்றும் கழியவில்லை. தன்னைக் கொஞ்சம் குணப்படுத்திக்கொண்டு எழுந்தான். இரண்டாவது அறையின் வாசலில் மறுபடி காப்பு போடும் முறை வந்தது.

"அது இரும்புத் தரை பா," என்றார் பாய். "கரெண்டுக்குப் போடு. எனக்கே தெரியுது."

"ஆசிட்," என்றான் அவன்.

மின்னல். பத்தொன்பது புள்ளி. மூன்றாவது அறையில் பெரிய மணி ஒன்று அடித்தது. மற்றவர்கள் காதைப் பொத்தித் தப்பினார்கள். பூசாரிக்கு மட்டும் கையில் விளக்கு இருந்ததால் பொத்த முடியாது என்று சொன்னேன். தோழி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"வேணாம், இதோட நிறுத்தலாம்," என்றாள்.

"ஏன்? இன்னும் ஒரு ரூம்தான் இருக்கு."

"நீ இன்னா பண்றன்னு தெரியுதா ஒனக்கு?"

"கதைய நடத்துறேன்."

அவள் ஆரணிக்காரனைப் பார்த்தாள். அவன், "பரவால்ல, போலாம்" என்றான். குரலில் கோபம் எதுவும் இல்லை. வேர்வை தாளில் சொட்டி, பூசாரியின் பெயர் ஊறிப்போயிருந்தது.

நாலாவது அறையில் ஒரு வெள்ளை வெளிச்சம். அவனை நோக்கிப் பாய்கிறது என்றேன்.

"இது இன்னா வகை?" என்றான் அவன்.

"வகை இல்ல."

"நெருப்பு மாதிரியா?"

"எது மாதிரியும் இல்ல. எந்தக் காப்பும் செல்லாது."

பாய் முன்னால் குனிந்தார். "புஸ்தகத்துல இருக்குதா இது?"

"இருக்கு பாய். பக்கம் காட்றேன்."

"இருக்குதுன்னா செஞ்சிடணுமா தம்பி?"

நான் அட்டைக்குப் பின்னால் பைக்குள் கைவிட்டேன். வெளிச்சம் அவன்மேல் படுவதற்குப் பதினைந்தோ அதற்கு மேலோ வரவேண்டும். கையில் வந்தது மூன்று. மூன்று என்று தெளிவாகப் பார்த்தேன். உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "பதினெட்டு" என்றேன். காயினைப் பைக்குள் போட்டுக் குலுக்கினேன்.

அவன் கணக்குப் போட்டான். பூசாரியின் உயிர்ப் புள்ளிகள் பூஜ்யத்துக்குக் கீழே போயின. பூசாரியின் தாளில் மூலைக்கு மூலை ஒரு கோடு கிழித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"எல்லாம் வந்திச்சி. குளிரு, கரெண்டு, சத்தம். ஆசிட் மட்டும் நீ எடுக்கவே இல்ல."

"எது வரும்னு ஒன்ன கேட்டுக்கினா வெப்பாங்க?"

"அது வராதுன்னு எனக்குத் தெரியும்டா. மொத வாரமே தெரிஞ்சிபோச்சி. ஒனக்காகப் போட்டேன்னு நெனச்சிக்கினியா நீ?" ரோஸ் நிற விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டான். "காப்பு எழுதுன்னு சொல்றல்ல. பென்சில எடுத்தா அந்த ஆளோட கண்ணுதான் வருது. வேற வார்த்த வர மாட்டேங்குது எனக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பாய் அவன் பின்னாலேயே இறங்கினார். தோழிக்கு வண்டி நாலு மணிக்குத்தான். அந்தச் சூட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

"அந்த ஆள நீ போய்ப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அவன் வாரா வாரம் போறான். சனிக்கிழம ஷிப்டு முடிஞ்சதும் பஸ் புடிச்சிப் போயி கண்ணுக்கு மருந்து ஊத்திட்டு வர்றான். தெரியுமா?"

தெரியாது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை.

அவள் போன பிறகு அந்த நாலு அறைத் தாள்களைக் கிழித்தேன். கிழித்ததால் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஆரம்பாக்கம் பஸ் ஏறினேன். சனிக்கிழமை அவன் வருவான் என்று தெரிந்துதான் வெள்ளியைத் தேர்ந்தெடுத்தேன்.

ஊருக்குள் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. அடிபட்டவரின் மனைவி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். தெலுங்கு வாடையோடு பேசினார். "கம்பெனியா? உள்ள இருக்காரு, போ நைனா," என்றார். உள்ளே அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தத்துக்கு முழுத் தலையையும் வலப்பக்கம் திருப்பினார். வலக் கண் பால் மாதிரி இருந்தது. கழுத்துத் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டிருந்தது.

நான் யார் என்று எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்து வந்த வாக்கியங்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "மெயின்டனன்ஸ்ல இருந்தேன் அண்ணே," என்றேன்.

"அந்தப் பேப்பர்ல கையெழுத்து போட்டவரு."

"ஆமா."

"தெரியும். எப்போ வருவாருன்னு பாத்துக்கினு இருந்தேன். வர மாட்டாருன்னு ஊட்டுக்காரி சொன்னா," என்றார்.

அவர் மனைவி டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். நான் தொட்டிப் பக்கம் போய்ப் பார்க்காமலே டிக் போட்டதைச் சொன்னேன். கேன்டீனில் உட்கார்ந்து போட்டேன் என்றும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"மூடி போட்டாங்களா இப்போ?"

"எது அண்ணே?"

"பைப்பு மேல. எங்க மச்சான் அங்கதான் இப்போ வேல செய்றான், எம் எடத்துல. கேட்டா எதுவும் சொல்ல மாட்டேன்றான். மூடி போட்டாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. விபத்துக்குப் பிறகு நான் அந்தத் தொட்டிப் பக்கம் போகவே இல்லை. என் வேலை அங்கே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். "பாத்துச் சொல்றேன்," என்றேன். டீயைக் குடிக்க முடியவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை நான் சொன்னேனா, வாய்க்குள் முனகினேனா என்று இன்றும் உறுதியாகத் தெரியாது. அவர் அதற்குப் பதில் எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தொட்டிக்குப் போனேன். ஷவரைச் சரிசெய்திருந்தார்கள், கைப்பிடியை இழுத்ததும் தண்ணீர் கொட்டி என் பேன்ட் நனைந்தது. குழாய் இணைப்பின் மேல் மூடிக்குப் பதிலாக ஒரு ரப்பர் ஷீட்டைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கம்பி ஏற்கெனவே அரித்துப்போயிருந்தது. ஸ்டோர்ஸில் மூடி இருப்பு இல்லை. ஆர்டர் எழுதி, மேனேஜர் அறையில் கையெழுத்துக்கு நின்றேன். "இது உன் டிபார்ட்மென்ட் இல்லையே," என்றார். கையெழுத்து விழும்வரை நின்றுகொண்டே இருந்தேன். மூடிகள் வந்துசேர ஐந்து வாரம் ஆயிற்று. நாலு தொட்டிகளுக்கும் பூட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ஆரம்பாக்கம் போய்ச் சொன்னேன். "செரி," என்றார். அந்த மச்சான் அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

ஆரணிக்காரனிடம் பேசுவதற்கு எனக்கு இன்னும் நாளாயிற்று. லேபில் அவன் தனியாக இருந்த ஒரு மத்தியானம் போனேன். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். காயினில் வந்தது மூன்று, பதினெட்டு இல்லை என்று சொன்னேன்.

அவன் குழாயை மூடினான். "அதச் சொல்லவா வந்த?"

"ஆமா. பொய் சொன்னேன் ஒங்கிட்ட."

"மூணு வந்திருந்தாலும் சாவடிச்சிருப்படா. அடுத்த ரூமு இருந்திருக்கும்." கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "சொன்னது நல்லது. எனக்கு ஒம்மேல இப்போ கோவம் இல்ல. ஆனா ஒன் ரூமுக்கு வந்து உட்கார என்னால முடியாது. கேக்காத."

கேட்கவில்லை. அவனும் நானும் அதே கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் வேலை செய்தோம். கேன்டீனில் சில நாள் ஒரே மேசை அமையும். வேலை விஷயம் பேசுவோம், அவன் ஊர் ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்பேன், சொல்வான். அந்த நேரத்தில் தோழி திருநின்றவூரில் தன் வீட்டு மாடியில் ஆட்டத்தை நடத்த ஆரம்பித்திருந்தாள். ஜெராக்ஸ் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிப்போனபோது எதற்கு என்று சொன்னாள். "கோச்சிக்காத," என்றாள். பாயும் அவனும் ஞாயிறுதோறும் வண்டி மாறி அங்கே போனார்கள். மீன் போட வரும்போது பாய் சில சமயம் கதை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பிப்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விலை பேசப் போய்விடுவார்.

அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகையை நேரில் கொண்டுவந்து கொடுத்தான். ஆரணியில் மண்டபம். பாயும் தோழியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டார்கள், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று வரிசை தள்ளி அந்த ஆரம்பாக்கத்துக்காரர் புதுச் சட்டையில் மனைவியோடு இருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் அவருடைய வலப்பக்கம்தான் எனக்கு இலை கிடைத்தது. அந்தப் பக்கம் அவருக்குப் பார்வை இல்லை. யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணே என்று கூப்பிடலாமா என்று பாயசம் வரும்வரை யோசித்தேன். அதற்குள் அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார்.